ராத்திரி ரெண்டு மணி வெளிச்சம்

ராத்திரி ரெண்டு மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தால் மனசு என்னவெல்லாம் நினைக்கும்? என் மனசும் அதையெல்லாம் நினைத்தது. இருட்டில் கண்ணாடியைத் தேடி, சார்ஜர் வயரில் கால் மாட்டி, ஒரு வழியாக எடுத்தேன்.

"டேய், வீட்ல எல்லா லைட்டும் தானா எரியுதுடா" என்றாள் அம்மா.

"எல்லாமா?"

"கூடம், ரூமு, சமையல்கட்டு, பின்வாசல், ஒண்ணு பாக்கியில்ல. கல்யாண வீடு கணக்கா இருக்கு. உங்கப்பா திருநீறு எடுக்கப் போயிருக்காரு."

பேயெல்லாம் இல்லை. நான்தான்.

அது 2023 ஜனவரி. பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது வீட்டிலிருந்த பத்து பல்புகளையும் கழற்றிவிட்டு வை-ஃபை பல்பாக மாட்டிவிட்டு வந்திருந்தேன். சென்னையில் உட்கார்ந்துகொண்டு போனில் தட்டினால் மரக்காணத்தில் லைட் எரியும். கலர்கூட மாறும். மாட்டிய மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் நாலு பேர் முன்னால் போனை எடுத்து எங்கள் கூடத்துக்குப் பச்சை வெளிச்சம் போட்டேன். ஒரு நிமிஷத்தில் அப்பாவின் போன். "என்னடா, பேப்பர்ல ஒரு எழுத்தும் தெரியலை. கண்ணுல ஏதோ கோளாறுன்னு நெனைக்கிறேன்." நண்பர்கள் டீயைத் துப்பினார்கள்.

மரக்காணம் தெரியாதவர்களுக்கு: ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி பஸ்ஸில் போகும்போது, தூங்கி வழிகிற நேரத்தில் ஜன்னல் வழியாகக் கண் கூசும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். புதிதாக வருகிறவர்கள் சுண்ணாம்பு என்பார்கள். உப்பு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழுவெளி, வடக்கேயிருந்து வருகிற பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இடம். காற்றில், சுவரில், ஜன்னல் கம்பியில், நாக்கில் எல்லாம் உப்பு. இந்த உப்பு பிற்பாடு என் பர்ஸையும் பதம் பார்க்கப் போகிறது. அதற்கு வருகிறேன்.

எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பாத்ரூம் வீட்டுக்கு வெளியே, பின்வாசல் தாண்டி. அம்மா படுப்பது கூடத்தில். பின்வாசல் லைட்டின் ஸ்விட்சோ பின்கதவுக்குப் பக்கத்தில். ஆக, லைட் போடுவதற்காக இருட்டில் கூடம், நடை, ஒரு நிலைப்படி எல்லாம் தாண்டிப் போக வேண்டும். வெளிச்சம் தேவைப்படுகிற தூரம் முடிந்த இடத்தில் ஸ்விட்ச். ஒரு தடவை நிலைப்படியில் கால் இடித்துக் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. இந்த வயதில் விழுந்து இடுப்பு எலும்பு விட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது.

அதனால் பத்து பல்பு. இப்போது நிலைமை: 120 கிலோ மீட்டர் தள்ளி இருக்கிற நான், படுத்த இடத்திலிருந்து அந்த லைட்டைப் போடலாம். பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் அம்மா போட முடியாது. அவளிடம் இருப்பது பட்டன் போன்.

* * *

ரெண்டு மணிக்கு ஏன் எரிந்தது? அன்றைக்குப் பன்னிரண்டரைக்குக் கரண்ட் போய் ரெண்டு மணிக்கு வந்திருக்கிறது. வை-ஃபை பல்பு வேலை செய்ய வேண்டுமானால் சுவரில் உள்ள ஸ்விட்ச் எப்போதும் ஆனிலேயே இருக்க வேண்டும். கரண்ட் திரும்பி வந்ததும் பல்புக்குள் இருக்கிற கடுகளவு கம்ப்யூட்டர் கண் விழிக்கிறது. யாரோ ஸ்விட்ச் போட்டிருக்கிறார்களா, அல்லது லைன்மேன் ஃப்யூஸ் போட்டிருக்கிறாரா என்று அதற்கு எப்படித் தெரியும்? உள்ளே இருந்து பார்த்தால் ரெண்டும் ஒன்றுதான். எதற்கும் எரிந்து வைப்போம் என்று எரிகிறது.

இதை மாற்ற ஆப்பில் ஒரு செட்டிங் உண்டு. கரண்ட் வந்தாலும் அணைந்தே இருக்கும். மாற்றினேன். மாற்றிய பிறகுதான் தெரிந்தது, இனிமேல் சுவர் ஸ்விட்சைப் போட்டாலும் அது எரியாது என்று. பல்பைப் பொறுத்தவரை ரெண்டும் ஒன்று என்று இப்போதுதானே சொன்னேன்.

அப்பா வேறு. உப்பளத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். 2016-லிருந்து நம் ஊரில் வீட்டுக்கு ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் அல்லவா, அந்த நூறைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய பிறவி நோக்கம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துக்கொண்டு வருவார். அதோடு என் பல்புகளின் உயிரும் போகும். போனில் 'ஆஃப்லைன்' என்று வரும்.

"அணைக்காதீங்கப்பா. அது ஸ்டாண்ட்பைல இருக்கணும்."

"அணைஞ்சிருக்கும்போது கரண்ட் தின்னுமா தின்னாதா?"

"அரை வாட்டுப்பா. ஒண்ணுமே இல்ல."

காலண்டர் அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டார். பத்து பல்பு, அஞ்சு வாட், அறுபது நாள், 1,440 மணி நேரம். "ஏழு யூனிட்டுடா. எரியாத பல்புக்கு."

பல்புகளைக் கழற்றி சென்னைக்கு எடுத்து வந்தேன். ஒன்று இன்னும் என் ரூமில் ஊதா நிறத்தில் எரிகிறது.

* * *

சரி, அறிவு பல்பில் இருக்கக் கூடாது, ஸ்விட்சில் இருக்க வேண்டும் என்று ஞானம் வந்தது. ஸ்விட்சுக்குப் பின்னால், பெட்டிக்குள், தீப்பெட்டி சைஸில் ஒரு ரிலே மாட்யூல் வைக்கலாம். சுவரில் பழைய ஸ்விட்ச் அப்படியே இருக்கும். அதைத் தட்டினாலும் எரியும், போனில் தட்டினாலும் எரியும். ஊரில் எங்கள் வீட்டுக்கு 1993-ல் வயரிங் செய்தவரின் சிஷ்யர் இன்னும் தொழிலில் இருக்கிறார். வயர்மேன் அண்ணன் என்றால் தெருவுக்கே தெரியும். அவரைக் கூப்பிட்டேன். மாட்யூலை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"இதுக்கு நியூட்ரல் வேணுமே தம்பி."

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். சாதாரண ஸ்விட்ச் ஒரு கதவு மாதிரி. ஃபேஸ் வயர் வருகிறது, கதவு திறந்தால் பல்புக்குப் போகிறது. நியூட்ரல் வயர் கதவுப் பக்கமே வராமல் நேராகப் பல்புக்குப் போய்விடும். கதவுக்குச் சாப்பாடு எதற்கு? ஆனால் மாட்யூல் என்பது கதவல்ல, வாட்ச்மேன். இருபத்திநாலு மணி நேரமும் விழித்திருக்க அதற்கும் துளி கரண்ட் வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் ரெண்டும் இருந்தால்தான் கரண்ட். நியூட்ரல் இல்லாமலே வேலை செய்கிற மாடல்களும் விற்கிறார்கள். அவை பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்டைத் திருடிப் பிழைக்கும். அறுபது வாட் குண்டு பல்பு இந்தத் திருட்டைக் கண்டுகொள்ளாது. ஒன்பது வாட் எல்.இ.டி. கண்டுகொள்ளும். அணைத்த பிறகும் கண் சிமிட்டும். உள்ளே சின்ன சிவப்பு விளக்கு எரிகிற சில ஸ்விட்சுகளிலும் இதே கதைதான். 'அணைச்ச லைட்டு மினுங்குது' என்று யாராவது சொன்னால் பூசாரிக்கு முன் இதைப் பாருங்கள்.

நம் ஊரில் ஒரு அதிர்ஷ்டம். ஸ்விட்ச் போர்டிலேயே ஒரு ப்ளக் பாயின்ட்டும் வைக்கிற பழக்கம் இருப்பதால் அந்தப் போர்டில் எப்படியும் நியூட்ரல் இருக்கும். அமெரிக்காவில் பழைய வீட்டுக்காரர்கள் இதற்காகச் சுவரை உடைக்கிறார்கள். கூடத்துப் போர்டில் பிரச்னை இல்லை. மரப் பெட்டி, மேலே ஹைலம் ஷீட். ஷீட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு பல்லி குடும்பம் நடத்துகிற அளவுக்கு இடம், பல்லியும் இருந்தது. மாட்யூலை வைத்து மூடினோம்.

பின்வாசல் போர்டைத் திறந்தார். டெஸ்டரை வைத்தார். இன்னொரு வயரில் வைத்தார். டெஸ்டரைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"தம்பி, இங்க நியூட்ரல் இருக்கு."

"நல்லதாப் போச்சு."

"நியூட்ரல் மட்டும்தான் இருக்கு."

புரிய எனக்கு அரை நிமிஷம் ஆயிற்று. 1993-ல் யாரோ அவசரத்தில் வயர் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்விட்ச் ஃபேஸில் இருப்பதற்குப் பதில் நியூட்ரலில் இருந்தது. ஸ்விட்சை அணைத்தால் பல்பு அணையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நின்றுகொண்டிருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கை வைக்கிறவன் கதி?

"உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்றேன்.

"அந்த ஹோல்டர் கடிக்கும். அது தெரியும்" என்றார் அப்பா பேப்பரிலிருந்து தலை தூக்காமல். "முதல் வருஷமே கடிச்சுது. அதிலிருந்து ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு, மர ஸ்டூல் மேல நின்னுதான் பல்பு மாத்தறேன்."

முப்பது வருஷமாக. மழைக்காலத்தில், ஈரத் தரையில். அதைக் கடிக்கிற நாய் மாதிரி சொல்லிவிட்டு ராசிபலனுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் கை கால் சில்லென்று ஆகிவிட்டது. அம்மா பக்கத்திலிருந்து, "குண்டு பல்பை எடுத்துட்டு எல்.இ.டி. போட்டதிலிருந்து அது அணைச்சாலும் லேசா எரியுதுன்னு நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், யார் கேட்டா" என்றாள். வாஸ்தவம். நியூட்ரலை அறுத்துவிட்டாலும் ஃபேஸ் ஹோல்டரில் இருக்கிறது. ஈரச் சுவர் வழியாகக் கொஞ்சம் கசிந்தால் எல்.இ.டி.க்கு அதுவே போதும். வீட்டிலேயே ஒரு அபாயச் சங்கு வருஷக்கணக்கில் மினுக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நீங்களே ஸ்டூல் போட்டு ஏறாதீர்கள். டெஸ்டர் லைட் எரியவில்லை என்பதை வைத்து உயிரைப் பணயம் வைக்க முடியாது. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, 'எல்லா ஸ்விட்சும் ஃபேஸ்ல இருக்கா பாருங்க' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

* * *

நடுவில் கொஞ்சம் சரித்திரம். போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு வயர்மேன் அண்ணன் டீ குடிக்கிற நேரத்துக்கு.

ஸ்விட்ச் போட்டால் 'டக்' என்கிறதே, அந்தச் சத்தம் 1884-ல் இங்கிலாந்தில் நியூகாசிலைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் தந்தது. ஆரம்ப கால ஸ்விட்சுகளை மெதுவாக அணைத்தால் ரெண்டு தகடுகளுக்கு நடுவே நெருப்பு தாண்டி விளையாடும், தகடு கருகும். ஹோம்ஸ், நம் விரல் எவ்வளவு மெதுவாகப் போனாலும் தகடுகள் பட்டென்று பிரிகிற மாதிரி ஸ்பிரிங் வைத்தார். நூற்றி நாற்பது வருஷமாகச் சுவர் ஸ்விட்சின் உள்விவகாரம் ஏறக்குறைய அதுதான்.

ஸ்விட்ச் இல்லாத இடத்திலிருந்து ஸ்விட்ச் போட வேண்டும் என்ற ஆசையும் புதிதல்ல. 1975-ல் ஸ்காட்லாந்தில் பைக்கோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி எக்ஸ்-10 என்று ஒன்று செய்தது. புது வயரே வேண்டாம், இருக்கிற கரண்ட் வயரிலேயே ரகசிய சமிக்ஞை போகும். நல்ல யோசனைதான். வயர் பக்கத்து வீட்டுக்கும் போகிறதல்லவா? இவர் லைட் போட்டால் அவர் வீட்டில் எரிகிற அபாயம். அதற்காக வீட்டுக்கு ஒரு எழுத்து, மொத்தம் பதினாறு எழுத்து என்று ஒதுக்கினார்கள். பிறகு 1990-களில் ஐரோப்பியர்கள் வேறு வழி பிடித்தார்கள். இன்றைக்கு அதற்கு கே.என்.எக்ஸ். என்று பெயர். ஸ்விட்சுக்கு 230 வோல்ட் வரவே வராது. முப்பது வோல்ட் மெல்லிய வயர் ஒன்று ஸ்விட்சையெல்லாம் கோர்த்துக்கொண்டு போகும். ஸ்விட்ச் வெறும் தகவல் சொல்கிற ஆள். கரண்டை நிஜமாகத் திறந்து மூடுவது உள்ளே ஒரு பெட்டியில். 2012-ல் பிலிப்ஸ் ஹ்யூ வந்து அறிவைப் பல்புக்குள் வைத்தது. ஆளுக்கொரு பாஷை பேசுகிறது என்று புகார் வந்து, 2022 அக்டோபரில் மேட்டர் என்று பொது பாஷை ஒன்றை வெளியிட்டார்கள். அது எத்தனை வருஷம் ஓடும் என்று எனக்கு ஜோசியம் தெரியாது. சுவருக்குள் இருக்கிற வயர் முப்பது வருஷம் இருக்கும் என்பது மட்டும் எங்கள் வீட்டில் நிரூபணமாகிவிட்டது. தப்பாக இருந்தாலும் இருக்கும்.

* * *

பின்வாசல் வயரை நேராக்கிய பிறகு வயர்மேன் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஆர்.சி.சி.பி. போடாம இனிமே இந்த வீட்ல நான் கை வைக்க மாட்டேன்." அது மெயினில் உட்காருகிற பெட்டி. ஃபேஸில் போன கரண்ட் முழுசும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்று சந்தேகம் வந்தால், கண் மூடித் திறப்பதற்குள் அணைத்துவிடும். அப்பாவின் ஜாதி. ஒரு பைசா கணக்கு உதைத்தாலும் கடையை மூடிவிடும்.

மெயினில் ரெண்டு ஆர்.சி.சி.பி. வைத்தோம். வீட்டுக்குள் ஒன்று, பின்வாசலுக்கும் மோட்டாருக்கும் ஒன்று. எல்லாம் முடிந்து, தேங்காய் உடைக்காத குறையாக சமையல்கட்டு லைட்டைப் போட்டேன். வீடு முழுக்க இருட்டு. நிமிர்த்தினோம். போட்டேன். இருட்டு. மாலை முழுக்க இதே விளையாட்டு. கடைசியில் அண்ணனின் உதவிப் பையன் தலையைச் சொறிந்தான். சமையல்கட்டு லைட்டுக்கு நியூட்ரல் இழுக்கக் குழாயில் இடமில்லை என்று, பக்கத்திலே போன மோட்டார் லைனின் நியூட்ரலிலிருந்து கடன் வாங்கியிருக்கிறான். கரண்ட் ஒரு பெட்டி வழியாகப் போய் இன்னொரு பெட்டி வழியாகத் திரும்புகிறது. ஒன்பது வாட் பல்பு என்றால் நாற்பது மில்லி ஆம்பியராவது இருக்கும். ரெண்டு கணக்கப்பிள்ளைக்கும் கணக்கு உதைக்கிறது. மாட்யூல் போடுகிற வீடுகளில் ஆயிரம் ரூபாய் பெட்டியைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு முன், நியூட்ரல் யார் வீட்டுது என்று கேளுங்கள்.

வாடகை வீடு, மேன்ஷன் ஆசாமிகள் இதையெல்லாம் படித்துவிட்டு ஹவுஸ் ஓனர் சுவரைத் தோண்ட வேண்டாம். உங்களுக்கு பேட்டரியில் ஓடுகிற சென்சார் விளக்கு, ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும், காலி பண்ணும்போது உரித்துக்கொண்டு போகலாம். அட்வான்ஸ் முழுசாகத் திரும்பும்.

* * *

ஆகஸ்டில் பின்வாசல் மாட்யூல் செத்தது. மாட்டி நாலே மாதம். பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சைப் பாசி படிந்த மாதிரி செம்பெல்லாம் பச்சை, ஸ்க்ரூவெல்லாம் துரு. வாரன்ட்டிக்கு எழுதினேன். 'தண்ணீரில் நனைந்திருக்கிறது' என்று பதில் வந்தது. நனையவே இல்லை என்று சத்தியம் பண்ணினேன்.

அம்மாதான் பதில் சொன்னாள், தெரியாமலே. "உப்பு ஜாடியே மழைக்காலத்துல தண்ணி விட்டுக்குது. உன் டப்பா எம்மாத்திரம்?"

அதேதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்று உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். காய்ந்த உப்பில் கரண்ட் பாயாது. கரைந்த உப்பில் குஷியாகப் பாயும். கடலோரத்தில் ராத்திரி ஈரம் 75-ஐ அநாயாசமாகத் தாண்டுகிறது. பகலில் காற்றோடு வந்து படிகிற பொடி, ராத்திரி மெல்லிய உப்புத் தண்ணீராகிவிடும். தினம் தினம். மின்கம்பத்துப் பீங்கான்களே கோடை முழுக்க உப்பு படிந்து, முதல் தூறலில் புஸ்ஸென்று பொறி பறக்கும். கடலோர லைன்களில் அவற்றைக் கழுவுவதே ஒரு வேலை. மழை பெய்தால் கரண்ட் போகிறதே என்று ஊரில் திட்டுவோம். கழுவிவிட்டுப் போகிற பெருமழை நல்லது, நனைத்துவிட்டுப் போகிற தூறல்தான் வில்லன்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார்கள். டார்ச்சைப் பாலிதீன் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். என்னை விட விஷயம் தெரிந்தவர்கள்.

நடுவில் ஒரு சென்சார் லைட்டும் வைத்துப் பார்த்தேன். ஆள் வந்தால் தானாக எரியும். ஆள் என்றால் அதற்கு, நகர்கிற சூடான எதுவும் ஆள்தான். தெரு நாய்க்கு அது தெரிந்துவிட்டது. ராத்திரி முழுக்கப் பின்வாசலில் டிஸ்கோ. சித்திரையில் எதிர் விஷயம்: காற்றே உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் அம்மா கையை ஆட்டினால்கூட அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. "நான் இருக்கேனா இல்லையான்னு இதுகிட்ட நிரூபிக்கணுமா?" என்று கேட்டாள். கழற்றிவிட்டேன்.

* * *

2024 மே மாதம் லீவு போட்டு ஊருக்குப் போய் உட்கார்ந்தேன். இந்த முறை டப்பா எதுவும் வாங்கிப் போகவில்லை. வயர்மேன் அண்ணனிடம், "நீங்களே சொல்லுங்கண்ணே" என்றேன். ஒன்றரை வருஷத்தில் நான் எடுத்த முதல் புத்திசாலி முடிவு.

"அம்மாவுக்கு என்ன வேணும்?"

"படுத்த இடத்துலேர்ந்து பின்வாசல் லைட் எரியணும். போய் வந்ததும் அணைக்கணும்."

"இது மாடிப்படி தம்பி" என்றார்.

எங்கள் வீட்டில் மாடி கிடையாது. அவர் சொன்னது ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிக்கிற பையனுக்குச் சொல்லித் தருகிற மாடிப்படி வயரிங். கீழே போட்டு மேலே அணைக்க, மேலே போட்டுக் கீழே அணைக்க, ரெண்டு டூ-வே ஸ்விட்ச். ஒன்று அம்மா தலைமாட்டில், இன்னொன்று பின்கதவில். கம்ப்யூட்டர் வேண்டாம், போன் வேண்டாம், நாய் தொந்தரவு இல்லை. ஸ்விட்ச் ஒவ்வொன்றும் நூறு ரூபாய்க்குள். அதுவரை நான் அழித்தது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். அப்பாவுக்குச் சொல்லவில்லை.

எனக்கும் கொஞ்சம் ஆசை மிச்சம் இருந்தது. அதற்கு அண்ணனே வழி சொன்னார். "வெச்சுக்க தம்பி, ஆனா வெளியில வெக்காத." மாட்யூல்கள் எல்லாம் கடல் பக்கச் சுவரை விட்டு, வீட்டின் நடு ரூமில், காய்ந்த சுவரில், ரப்பர் விளிம்பு வைத்த மூடிபோட்ட ஒரே பெட்டிக்குள். வயர்கள் பெட்டிக்கு அடிப்பக்கமாக நுழையும், மேல் பக்கமாக அல்ல. ஒவ்வொரு லைட்டிலிருந்தும் தனி ஜோடி வயர் அந்தப் பெட்டிக்கு வரும், தன் சொந்த நியூட்ரலோடு. வயர் கூடுதலாகத்தான் பிடித்தது. சுவரைத் தோண்டியதுதான் தோண்டினோம் என்று எல்லா இடத்திலும் ஒரு காலிக் குழாய், உள்ளே இழுகம்பி போட்டு மூடினோம். இன்டர்நெட் வயருக்குத் தனிக் குழாய். கரண்ட் வயரோடு அது ஒரே குழாயில் போகக் கூடாது. வெளியே இருக்கிற ஸ்விட்ச் சாதா ஸ்விட்ச். உப்பு தின்றால் நூறு ரூபாயோடு போகட்டும்.

மாட்யூலின் ஒரு விஷயம் அப்பாவுக்குப் பிடிக்காமல் இருந்தது. போனில் அணைத்துவிட்டால் சுவர் ஸ்விட்ச் கீழே இருக்கும், லைட் அணைந்திருக்கும். "கீழ தள்ளினா எரியணும். அதுதான் ஸ்விட்சு" என்பார். மாடிப்படி ஸ்விட்சுக்கு மட்டும் மேல் கீழ் நியாயம் கிடையாது என்று அவருக்கே தெரியும். எப்படி இருந்தாலும் ஒரு தட்டு, அவ்வளவுதான். அதனால் பின்வாசல் லைட்டில் தகராறு வரவில்லை. மாட்யூல் மண்டையைப் போட்டால் அதைத் தாண்டிப் போக ஒரு பைபாஸ் ஸ்விட்சும் பெட்டியில் இருக்கிறது. அப்பா அதன்மேல் பேப்பர் ஒட்டி, கணக்கு நோட்டுக் கையெழுத்தில் 'பையன் வேலை கெட்டால் இதைப் போடவும்' என்று எழுதியிருக்கிறார்.

கரண்ட் போய் வந்தால் அணைந்தே இருக்க வேண்டும் என்ற செட்டிங்கை இந்தத் தடவை மறக்கவில்லை.

* * *

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்தது என்பதைவிட, வந்து உட்கார்ந்துகொண்டது என்று சொல்ல வேண்டும். விழுப்புரம் ஜில்லா முழுக்கத் தண்ணீர். எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. செல் டவரும் இல்லை. அம்மாவின் பட்டன் போன் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. ஆப்பைத் திறந்தால் எல்லா லைட்டுக்கும் எதிரே சாம்பல் நிறத்தில் 'ஆஃப்லைன்', 'ஆஃப்லைன்', 'ஆஃப்லைன்'. எரிகிறதா அணைந்திருக்கிறதா என்றுகூடத் தெரியாது. ஆபீஸில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் சித்தப்பா பையன் பைக்கைத் தள்ளிக்கொண்டே பாதி தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பெரியம்மா நல்லாத்தான் இருக்காங்க, இன்வெர்ட்டர் தீந்துபோச்சு, அரிக்கேன் வெச்சிருக்காங்க" என்றான். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தகவல் இல்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பழக்க தோஷத்தில் போனை எடுத்தேன். சாம்பல் நிறம் போயிருந்தது. எந்நேரமோ கரண்ட் வந்திருக்கிறது. கேபிள்காரரின் வயர் எந்த மரத்துக்குத் தப்பியதோ, அதுவும் உயிரோடு இருந்தது. கூடம்: ஆஃப். சமையல்கட்டு: ஆஃப். வரிசையாக ஆஃப்.

மணி 2.10. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி வரி மாறியது. பின்வாசல்: ஆன்.

போன் பண்ணலாமா என்று நம்பரை எடுத்தேன். வேண்டாம், போன் சத்தத்துக்கு அவசரமாகத் திரும்பி வந்து நிலைப்படியில் இடித்துக்கொள்வாள் என்று வைத்துவிட்டேன். 2.16-க்கு 'ஆஃப்' என்றது. கூடத்துக்கு வந்து படுத்து, தலைமாட்டில் கை நீட்டித் தட்டியிருக்கிறாள்.

காலையில் போன் கிடைத்ததும் அப்பா முதலில் கேட்டது: "நாலு நாள் கரண்ட் இல்ல. இந்த ரெண்டு மாசம் நூறுக்குள்ள வந்துடும் இல்ல?"